காத்தாயி பெயரில் ஒரு செடி

எங்கள் ஊர் வேப்பிலை கசக்காது. கசக்காது என்றால் கசக்காது, அவ்வளவுதான். சந்தேகம் இருக்கிறவர்கள் தாழையூருக்கு வந்து ஒரு கொத்தை உருவி வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டுப் போங்கள். பெண் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் எங்கள் வீட்டு ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள், புளி போட்டீர்களா என்று கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் தவிப்பார்கள், நாங்களும் ஒன்றும் சொல்ல மாட்டோம். சொன்னால் மட்டும் நம்பிவிடப் போகிறார்களா? இருந்தாலும் உங்களுக்குச் சொல்கிறேன். ஏனென்றால் இந்தக் கதையைச் சொல்கிற எவனும் வேப்பிலையைப் பற்றியும் புளியைப் பற்றியும்தான் வாய் கிழியப் பேசுகிறானே தவிர, இதில் ஒரு பிள்ளை இருந்தது, அந்தப் பிள்ளையைப் பற்றி ஒருத்தனும் வாயைத் திறப்பதில்லை. எனக்கு அதில் ஆத்திரம் உண்டு.

கடற்கரையில் கோட்டை கட்டி யார் யாரோ கொடி ஏற்றிய காலம் அது. ஒருநாள் கப்பலிலிருந்து எக்பர்ட் என்று ஒரு வைத்தியத் துரை இறங்கினார், கோட்டைச் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்க்க. அவருடைய வைத்தியத்தில் சிப்பாய்கள் சீக்கிரம் சீக்கிரமாகச் செத்துப்போனபடியால் அவருக்கு மிச்ச நேரம் நிறைய இருந்தது. அந்த நேரத்தில் அவர் இலை பொறுக்கினார். தாழம்புதரில் நுழைந்து பொறுக்கினார், குட்டையில் இறங்கிப் பொறுக்கினார், அடுத்தவன் கொல்லை வேலியைத் தாண்டிப் பொறுக்கினார், ஊர் அவருக்கு இலைத்துரை என்று பெயர் வைத்தது. நல்ல மனுஷன். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம்.

அவருக்குத் துபாசியாக இருந்தவர் சவரிராயன், துரை சொல்வதைத் தமிழிலும் நாம் சொல்வதை அந்தப் பாஷையிலும் மாற்றிச் சொல்கிறவர். சத்திரத்து வாசலில் ஊரைக் கூட்டி வைத்து அவர் விளக்கினார்: துரையுடைய வாத்தியார் ஒருத்தர் குளிர்தேசத்தில் இருக்கிறார், உலகத்தில் உயிர் உள்ள எதுவும் இனிமேல் ஊருக்கொரு பெயரோடு திரியக்கூடாது என்று அவர் முடிவு பண்ணிவிட்டார், எல்லாவற்றுக்கும் இரண்டே சொல், முன்சொல் வம்சத்துக்கு, பின்சொல் அதனதன் சொந்தத்துக்கு, அப்படி எழுதி ஏட்டில் ஏற்றிவிட்டால் எந்தத் தேசத்து ஆளும் அதே பெயரைத்தான் சொல்லுவான்.

ஊர்ப் பெரியதனக்காரர் வைரப்ப நாட்டார் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுக்கா ஐயா கடல் தாண்டி வந்தாரு? நம்ம வீட்டுலயும் அப்படித்தானே, குடும்பப் பேரு முன்னால, நம்ம பேரு பின்னால."

"வம்சத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேளுங்க, நாட்டாரே," என்று சவரிராயன் தரையைப் பார்த்தார். "பூவைப் பிரிச்சு, உள்ள ஆம்பளை எத்தனை, பொம்பளை எத்தனைன்னு எண்ணணும்."

கூட்டத்தில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். துரை ஒன்றும் அறியாதவராக ஒரு கத்தரிப்பூவைப் பிரித்து உயர்த்திக் காட்டினார், சவரிராயன் காது சிவக்க, "இதுல அஞ்சு புருஷன், ஒரு பொஞ்சாதி," என்றார். "ஆத்தாடி, குடுத்து வச்சவ!" என்று யாரோ சொல்ல, அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. அதே கணக்கில் தூதுவளையும் கண்டங்கத்தரியும் கத்தரிக்காயின் உடன்பிறப்பு என்றும், ஊமத்தை அவற்றுக்குப் பங்காளி என்றும் தெரியவந்தபோது நாட்டார் முகம் சுருங்கிவிட்டது. ஊமத்தைக்குப் பங்காளியானதை என் இலையில் வைக்காதே என்று அன்றோடு கத்தரிக்காயை விட்டவர், சாகிறவரை தொடவில்லை. செடிகொடிக்கும் வம்சம் பார்க்கலாம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும், எது மேல் எது கீழ் என்று தெருத்தெருவாகச் சண்டை போட்டார்கள்.

துரைக்குச் செடி கொண்டுவந்து கொடுக்கிற வேலை காத்தாயிக்கு. முப்பது வயது, புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது, தையல்நாயகி என்று ஒன்பது வயதில் ஒரே பெண். ஊருக்கு மூலிகை பறித்துக் கொடுப்பவள் அவள்தான். எந்தச் செடி எந்த மேட்டில் எந்த மாதத்தில் தலைகாட்டும் என்று அவளுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. துரை கேட்டதையெல்லாம் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். துரை ஒவ்வொன்றையும் காகிதத்துக்கு நடுவே வைத்து அமுக்கி, காம்பில் ஒரு நூலைக் கட்டி, நூலில் ஒரு சீட்டைக் கோத்து, சீட்டில் அந்த இரண்டு சொல்லை எழுதுவார்.

முதலில் கட்டியது வேம்புக்கு. மறுநாள் காலையில் பல் துலக்கப் போனவர்கள் குச்சியைக் கடித்துவிட்டுத் துப்பினார்கள், மறுபடி கடித்தார்கள், பக்கத்து வீட்டுக்காரனுடைய குச்சியை வாங்கிக் கடித்துப் பார்த்தார்கள். கசப்பு இல்லை. ஒரு மரத்தில் இல்லை என்றால் பரவாயில்லை, தாழையூரின் நான்கு எல்லைக்குள் நின்ற எந்த வேம்பிலும் இல்லை. அடுத்து புளி, புளிப்பை விட்டது. மிளகாய் உறைப்பை விட்டது. மல்லிகைக்குச் சீட்டுக் கட்டிய மறுநாள் பூக்காரிகள் வழக்கம்போல் தொடுத்து வழக்கம்போல் கூவினார்கள், பெண்கள் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள், மணம் மட்டும் கோட்டையிலிருந்து வந்தது. ஆமாம், எல்லாம் கோட்டைக்குள்தான் இருந்தது. துரையின் அறைப்பக்கம் பாரா நின்ற சிப்பாய்கள் மிளகாய்க் காட்டத்தில் தும்மித் தும்மிக் கண்சிவந்து நின்றார்கள், ஏட்டைத் தைத்த தையற்காரன் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டிவிட்டு மூன்று நாள் வாய் கசந்து கிடந்தான்.

ஊர் என்ன செய்யும்? பழகிக்கொண்டது. புளியை மூன்று மடங்கு கரைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கரைப்பதையே நிறுத்தினார்கள், பக்கத்து ஊர்ச் சந்தையில் வாங்கிய மிளகாய் எங்கள் எல்லைக்கல்லைத் தாண்டியதும் செத்துப்போகிறது என்று கண்டுபிடித்த பிறகு, சில பேர் சோற்றைக் கட்டிக்கொண்டுபோய் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்தார்கள். கோயில் துளசி தழை மாதிரி இருந்தது, பட்டர் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார், ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள். மார்பில் வேப்பிலை அரைத்துப் பூசிப் பால்குடி மறக்கடிப்பது எங்கள் வழக்கம்; அது பலிக்காமல் போய், நாலு வயசுப் பிள்ளைகள் தெருவில் பம்பரம் விட்டுவிட்டு ஓடிவந்து அம்மா மடியில் ஏறின. சாயங்காலமானால் பெண்கள் கோட்டை மதிலோரம் போய் வரிசையாக நின்று காற்று அடிக்கிற பக்கமாக முகத்தைத் தூக்கிக்கொண்டு மல்லிகையை மோந்துவிட்டு வீட்டுக்கு வந்து விளக்கு ஏற்றினார்கள். எதிர்த்து ஒரு குரல் வரவில்லை. இழந்ததைப் பழகிக்கொள்வதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

காரணம் சொன்னவர் நாட்டார். மூலிகை பறிப்பதற்கு ஒரு முறை உண்டு: முதல்நாளே குளித்துப் போய், செடிக்கு மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, உன்னை எடுக்கப் போகிறேன், உன் சாரம் என் கையோடு வரட்டும் என்று உத்தரவு கேட்டுவிட்டு, மறுநாள்தான் பறிக்க வேண்டும். காப்புக் கட்டாமல் பறித்த மூலிகை வெறும் புல். "பார்த்தீங்களா," என்றார் நாட்டார், "தொரை நூல் கட்டுறாரு. அதான் சாரம் அவர் கையோட போகுது. நூல் யாரு கட்டுனாங்களோ அவங்களுக்குத்தான் செடி." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டகாலம்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த காத்தாயி கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அவளிடம் ஒரு செடி இருந்தது, துரைக்குக் கொடுக்காத ஒரே செடி.

தையல்நாயகிக்கு இழுப்பு நோய். மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. உதடு நீலமாகும், கழுத்து நரம்பு புடைக்கும், விலா இரண்டும் பள்ளம் விழும். தூதுவளை கொடுத்தாள், ஆடாதொடை கொடுத்தாள், ஊரில் எல்லாருக்கும் கேட்கிற மருந்து இந்தப் பிள்ளைக்குக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று, உப்பளத்துக்குப் பின்னால் பயிர் ஏறாத கரம்பில் முளைக்கிற சாண் உயரச் செடி. சாம்பல் பூத்த இலை, எள்ளளவு பூ, ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. வேறு எந்த மண்ணிலும் அது வந்ததில்லை, பிடுங்கிவந்து கொல்லையில் நட்டும் பார்த்துவிட்டாள். அதற்குப் பெயர் கிடையாது. காத்தாயியின் வீட்டில் அதை 'அது' என்றுதான் சொல்வார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நோய்க்கும் காது கேட்டுவிடும் என்று பயம். அந்த இலையைக் கொதிக்கவைத்தால் வீடு முழுக்க மூக்கெரியும் ஒரு நெடி கிளம்பும், ஒரு சங்கு கஷாயம் உள்ளே போனதும் பிள்ளையின் விலா மெல்ல மெல்ல இறங்கும், அப்புறம் அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிவிடும்.

துரை உப்பளத்துப் பக்கம் இரண்டு வருஷமாக நடந்துகொண்டுதான் இருந்தார், அது அவர் கண்ணில் படவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். ஐயோ, அப்படியே விட்டிருக்கலாம்! ஆனால் தாய் மனசு விடுமா? என்றைக்காவது கண்டுபிடித்துவிட்டால்? நூல் யார் கட்டினார்களோ அவர்களுக்குத்தான் செடி என்றால், முதலில் நாம் கட்டிவிட்டால் என்ன? ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தலைக்குக் குளித்தாள், நூலில் மஞ்சள் தோய்த்தாள், கரம்பு முழுக்கக் குனிந்து குனிந்து தேடினாள். முப்பத்தொரு செடி இருந்தது. ஒன்றுவிடாமல் காப்புக் கட்டினாள், ஒவ்வொன்றிடமும், "நீ என் பிள்ளைக்குத்தான், வேற யாருகூடயும் போயிராத," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, நிமிர முடியாத இடுப்போடு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் துரை சவரிராயனோடு அந்தப் பக்கம் நடந்துவந்தார். சாம்பல் தரையில் முப்பத்தொரு மஞ்சள் முடிச்சு, வெயில் சாய்ந்த நேரத்தில் அத்தனையும் பளிச்சென்று தெரிந்தது. துரை மண்டிபோட்டு உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துப் பூவைப் பார்த்தார், எண்ணினார், மறுபடி எண்ணினார், ஏட்டைப் புரட்டினார், அவருக்குத் தெரிந்த எந்த வம்சத்திலும் அது சரியாக உட்காரவில்லை. இது யாரும் எழுதாத செடி என்று அவருக்குப் புரிந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சவரிராயன் பின்னால் சொன்னார். நூல் யார் கட்டியது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்காகத் தேடித் தேடி அடையாளம் கட்டி வைத்திருக்கிறாளே என்று மனுஷர் உருகிப்போய்விட்டார்.

திங்கட்கிழமை அவளைக் கோட்டைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் அந்தச் செடி, காகிதத்துக்கு நடுவே, காம்பில் அவள் கட்டிய மஞ்சள் நூல் அப்படியே இருந்தது, அதிலேயே சீட்டைக் கோத்திருந்தார்.

"காத்தாயி, தொரை உனக்கு ஒரு மரியாதை செஞ்சிருக்காரு," என்றார் சவரிராயன். "முன்சொல் புது வம்சத்துக்கு. பின்சொல் உன் பேரு. அவங்க ஊர்ல ராஜாக்கள்லாம் இதுக்குத் தவம் கிடக்குறாங்களாம். உலகம் இருக்குற வரைக்கும் இந்தச் செடியை உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம்."

காத்தாயி குனிந்து அந்த மஞ்சள் முடிச்சை விரலால் தொட்டாள். துரை அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு, அவருடைய வழக்கப்படி தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.

அவள் நேராக உப்பளத்துக்கு ஓடினாள். ஒரு இலையைக் கிள்ளி நசுக்கி மூக்கில் வைத்தாள். ஒன்றும் இல்லை. அடுத்த செடி, அதற்கு அடுத்த செடி. வீட்டுக்கு வந்தபோது அவளுடைய ஆடு அவளைப் பார்த்துக் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது, தெருநாய் புது ஆளைக் குரைப்பதுபோல் குரைத்தது. அண்டை வீட்டு அஞ்சலை அவள் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "உன்னையும்ல ஏத்திப்புட்டாரு," என்றாள். காத்தாயியிடம் வாசம் இல்லை. வியர்வை வாசம் இல்லை, தலையில் தேய்த்த எண்ணெயின் வாசம் இல்லை, அவளுடைய சீலையை மோந்தால் கல்லை மோந்த மாதிரி இருந்தது. ஊர் வந்து எட்டிப் பார்த்தது. முதல்முதலாக ஆள் ஒன்று ஏட்டில் ஏறியிருக்கிறது என்று இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் பழகிக்கொண்டார்கள்.

மகள் தையல் மட்டும் பழகவில்லை. அன்றிலிருந்து அம்மா பக்கத்தில் படுக்காமல் அஞ்சலை வீட்டிலேயே ஒண்டிக்கொண்டது, கூப்பிட்டால் தள்ளி நின்று பார்த்தது. "என்னடி தங்கம், நாந்தானே?" என்றால் அஞ்சலையின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமை காலையில் இழுப்பு கண்டது. காத்தாயி பிள்ளையைத் தூக்கிவந்து வீட்டில் கிடத்தினாள். இருந்த இலையையெல்லாம் அடுப்பில் ஏற்றினாள், கைப்பிடி போடுகிற இடத்தில் கூடைநிறையப் போட்டாள், கொதித்துக் கொதித்துச் சுண்டியது, வீட்டில் வெந்நீர் வாடை தவிர ஒரு வாடையும் இல்லை. ஒரு சங்கு கொடுத்தாள், இரண்டு சங்கு கொடுத்தாள், விலா இறங்கவில்லை. பிள்ளையை அஞ்சலையிடம் விட்டுவிட்டு, முடியை அள்ளிச் செருகக்கூட நேரமில்லாமல், கோட்டைக்கு ஓடினாள்.

"அந்தச் சீட்டை அவுத்துருங்க சாமி," என்று துரையின் காலில் விழுந்தாள். "என் பேரு வேணாம். யாரு பேரும் வேணாம். அது பேரில்லாமலே இருந்துட்டுப் போகட்டும்."

சவரிராயன் மாற்றிச் சொன்னார். துரை அவளைத் தூக்கி நிறுத்தப் பதறினார், என்னென்னவோ மெதுவாகச் சொன்னார்.

"ஒருவாட்டி வச்ச பேரை எடுக்க முடியாதாம்," என்றார் சவரிராயன். "முதல்ல யாரு வச்சாங்களோ அந்தப் பேருதான் நிலைக்கும், அது அவங்க சட்டமாம். வச்சவரே நினைச்சாலும் முடியாதாம்."

"அந்தக் காகிதத்தையாவது குடுக்கச் சொல்லுங்க. கரைச்சு ஊத்துறேன். அதுலதானே எல்லாம் இருக்கு?"

சவரிராயன் அதை மாற்றிச் சொல்லாமலே ஜன்னலைக் கைகாட்டினார். கடலில் ஒரு பாய் தெரிந்தது, நகம் அளவுக்கு. புதன்கிழமை கட்டிய பெட்டியை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்ட கப்பல் அது, வாத்தியாரைப் போய்ச் சேர எட்டு மாசம் ஆகும்.

துரை தன் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடினார், தொப்பியைக்கூட எடுக்கவில்லை. குனிந்து அந்த வீட்டுக்குள் நுழைந்தார், பிள்ளையின் நாடியைப் பிடித்தார், ஏதோ ஒரு சொட்டு நாக்கில் விட்டார், இன்னொன்று விட்டார். பிறகு பெட்டியை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். உலகத்தில் அத்தனைக்கும் பெயர் தெரிந்தவருக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை.

காத்தாயி பிள்ளையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். தையல் பழக்கப்படி முகத்தை அவள் கழுத்துக்குள் கொண்டுபோனது, அங்கே தேடியது, சட்டென்று தலையை இழுத்துக்கொண்டது.

"அம்மா எங்க?"

"இங்கதான் இருக்கேன்டி. அம்மாதான்டி."

"நீ இல்ல." மூச்சு ஒவ்வொரு சொல்லுக்கும் அறுந்தது. "மூஞ்சி... அம்மா மாதிரி இருக்கு. நீ அம்மா இல்ல. அம்மாவைக் கூப்பிடு."

துரை தலையைத் தூக்கி, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"தாயைக் கேக்குறா," என்றார் சவரிராயன்.

தாய் மடியில்தானே இருக்கிறாள் என்றார் துரை. 'நீ அம்மா இல்ல' என்று பிள்ளை சொன்னதைச் சவரிராயன் துரையிடம் சொல்லவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் மாற்றிச் சொல்லாமல் விட்ட இரண்டாவது பேச்சு அது.

காத்தாயி இன்னும் இரண்டு தரம், மூன்று தரம், அம்மாதான்டி, அம்மாதான்டி என்றாள். பிள்ளை அவள் கையைத் தள்ளித் தள்ளித் திமிறியது, திமிறத் திமிற இருந்த கொஞ்ச மூச்சும் செலவாயிற்று. அதைப் பார்த்துவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள். முந்தானையால் பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள், யாரோ வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"சரி கண்ணு, அழுவாத. உங்கம்மா உப்பளத்துக்குப் போயிருக்கா, உனக்கு இலை பறிக்க. இந்தா வந்துக்கிட்டே இருக்கா. அவ வர்ற வரைக்கும் நான் வச்சிருக்கேன்."

தையல் திமிறுவதை விட்டது. அம்மா வருகிற வழியைப் பார்ப்பதற்குத் தோதாக, காத்தாயி பிள்ளையை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். உச்சிப்பொழுதில் மூச்சு அடங்குகிற வரைக்கும் அது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. "வந்துட்டாளா?" என்று ஒரு தரம் கேட்டது. "பக்கத்துல வந்துட்டா," என்றாள் காத்தாயி.